கூடாரம் அடிக்க ஓர் இடம்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் தெருவில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். பேரப்பிள்ளைகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து எங்கேயாவது மூன்று நாள் அழைத்துப்போக வேண்டும், கூடாரத்தில் தங்க வைக்க வேண்டும் என்பார்கள். உடனே ஆளுக்கொரு படத்தை செல்போனில் காட்டுவார்கள். ஆற்றங்கரைப் புல்வெளி ஒன்று, மலைச்சரிவு ஒன்று, ஏரியோரம் ஒன்று. எல்லாமே அழகாகத்தான் இருக்கும். "இங்கேயே போடலாமே" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

படத்தைப் பார்த்து இடம் பிடிப்பது இன்றைக்கு வந்த பழக்கம். ஆனால், ஒரு கூட்டத்தை வெட்டவெளியில் தங்கவைக்க எந்த இடம் ஏற்றது என்ற கேள்வி பழையது. நல்ல இடம் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்கத் தவறியதால் உயிர்கள் போனதும் உண்டு. அந்தக் கதைகள் சிலவற்றை இன்று சொல்கிறேன்.

"பாளையம்" என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ரெட்டியார்பாளையம் என்று தினமும் பத்துத் தடவை சொல்கிறோம். பாளையம் என்றால் படை இறங்கித் தங்கும் இடம் என்றும் பொருள் உண்டு. பாசறை என்பதும் அதுதான். படைத்தலைவன் இடம் பார்க்கும்போது தண்ணீர் எவ்வளவு தூரம், மேடா பள்ளமா, எதிரி எந்தப் பக்கம் வருவான், ஓட வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் ஓடலாம் என்றுதான் பார்த்திருப்பான். இயற்கைக் காட்சி அவன் கணக்கிலேயே இருந்திருக்காது. காட்சிக்காக ஊரை விட்டு வெளியே போய்க் கூட்டமாகத் தங்குவது என்பது ஆலைகளும் நெரிசலான நகரங்களும் வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலானது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு "கொலோனி தெ வக்கான்ஸ்" என்ற சொல் ஞாபகம் இருக்கும். பாடப் புத்தகத்தில் பையும் தொப்பியுமாகப் பிள்ளைகள் ரயில் ஏறுவார்கள். நமக்கு அப்போது கொலோனி என்றால் வேறு அர்த்தம். நாமே ஒரு கொலோனியின் பிள்ளைகள் அல்லவா? அதனால் அந்தச் சொல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். அது விடுமுறைக் குடியிருப்பு என்று பிற்பாடுதான் விளங்கியது.

அதைத் தொடங்கி வைத்தவர் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்துப் பாதிரியார் ஹெர்மன் வால்ட்டர் பியோன். 1876இல் ஏழைப் பிள்ளைகள் 68 பேரை அப்பென்சல் மலைப்பகுதிக்கு அழைத்துப்போனார். நகரத்துச் சந்துகளில் வெயில் படாமல் வளர்ந்த, நோஞ்சான் பிள்ளைகள். அவர் மலையைத் தேர்ந்தெடுத்தது படம் பிடிப்பதற்கு அல்ல. சுத்தமான காற்று, வேண்டிய மட்டும் பால், ஓடியாட இடம், இவைதான் காரணம். 1881இல் பாரீசில் லொரியோ என்ற பாதிரியார் "மூன்று வாரங்கள்" என்ற பெயரில் இதே வேலையைத் தொடங்கினார். அதிலிருந்து பிரான்ஸ் முழுக்க இந்தப் பழக்கம் பரவியது. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்ததும் பெரியவர்களும் கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிட்டார்கள்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பெயர் உங்களுக்குத் தெரியும். நம்மில் பலர் கழுத்தில் துண்டு கட்டி முடிச்சுப் போடக் கற்றவர்கள்தானே. அவர் ராணுவத் தளபதி. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊர் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது அதைக் காத்துப் புகழ் பெற்றவர். பையன்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை மனத்தில் வைத்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு முகாம் தேவைப்பட்டது. 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடந்த அந்த முகாமுக்கு அவர் பிடித்த இடம் பிரௌன்சி என்ற சிறு தீவு.

பிரௌன்சி, தெற்கு இங்கிலாந்தில் பூல் என்ற துறைமுக ஊருக்கு எதிரே, உப்பங்கழி போன்ற பெரிய இயற்கைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. பைன் மரக்காடு, புதர் நிலம், இரண்டு ஏரிகள். இன்றும் அங்கே சிவப்பு அணில்கள் உண்டு. அழகான இடம்தான். ஆனால் அவர் அதைப் பிடித்ததற்கு வேறு காரணங்களும் இருப்பது தெரிகிறது.

முதலாவது, அவருக்குப் பழகிய இடம். சிறுவனாக இருந்தபோது அண்ணன்மாரோடு பாய்மரப் படகில் அந்தப் பக்கம் திரிந்திருக்கிறார். இரண்டாவது, தீவுக்கு ஒரே உரிமையாளர், சார்லஸ் வான் ரால்ட் என்ற செல்வந்தர். அவருடைய சம்மதம் ஒன்று போதும், பத்துப் பேரிடம் போய் நிற்க வேண்டாம். மூன்றாவது, தண்ணீர் சூழ்ந்த இடமாதலால் வேடிக்கை பார்க்கும் கூட்டமோ பத்திரிகைக்காரர்களோ எளிதில் வந்து தொந்தரவு செய்ய முடியாது. நான்காவது, தீவு என்றாலும் கரை பக்கத்தில்தான். பையனுக்குக் காய்ச்சல் என்றால் படகில் கொஞ்ச நேரத்தில் ஊருக்குப் போய்விடலாம். ஒதுக்குப்புறமாகவும் இருக்க வேண்டும், எட்டிவிடும் தூரத்திலும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவையும் அந்த ஒரு தீவில் சேர்ந்திருந்தன.

முகாமுக்கு வந்தவர்கள் 20 பையன்கள். பாதிப்பேர் ஈட்டன், ஹேரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள். மீதிப்பேர் பூல், போர்ன்மத் ஊர்களின் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். கட்டணமும் அதற்கேற்றபடிதான். வசதியானவர்களுக்கு 1 பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். நான்கு குழுவாகப் பிரித்து, ஓநாய், காளை, காக்கை, கோட்டான் என்ற நீர்ப்பறவை என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு வகைப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். காலையில் எழுப்ப ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கூடு என்ற மானின் கொம்பை ஊதினார். அடுத்த ஆண்டு, 1908இல், அவருடைய சாரணர் புத்தகம் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன்பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

அந்த இயக்கம் பெரிதாகப் பெரிதாக இடம் பிடிப்பதும் கடினமாயிற்று. 20 பேருக்கு இடம் பார்ப்பது வேறு, 20,000 பேருக்குப் பார்ப்பது வேறு. 1929இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் ஆரோ பார்க் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருவிழா. ஏறக்குறைய 50,000 பேர். பச்சைப் பசேலென்ற பூங்கா நிலம். மழை பிடித்துக்கொண்டது. அத்தனை கால்கள் மிதித்த மண் குழம்பாகிவிட்டது. அதனால் இன்றைக்கும் அதைச் "சேற்று ஜம்போரி" என்றே சொல்கிறார்கள். பிள்ளைகள் சேற்றில் சறுக்கி விளையாடினார்கள் என்பதால் கதை சிரிப்போடு முடிந்தது. அந்த விழாவில்தான் சாரணர்கள் காசு சேர்த்துப் பேடன் பவலுக்கு ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்றைப் பரிசளித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் "ஜாம் ரோல்".

இதோடு ஒப்பிட வேண்டியது 1947இல் பிரான்சில் நடந்த "சமாதான ஜம்போரி". போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பிரான்சில் உணவுப் பங்கீடு இன்னும் நடப்பில் இருந்தது. அந்த நிலையிலும் 24,000க்கும் மேற்பட்ட சாரணர்கள் கூடினார்கள். இடம், பாரீசுக்கு மேற்கே சேன் ஆற்றங்கரையில் மொவாசோன் என்ற சிற்றூர். அங்கே ஆறு பெரிய வளைவாக வளைந்து ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. எதிர்க்கரையில் லா ரோஷ்குயோனின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். கொஞ்சம் மேலே வேத்தேய் ஊரில்தான் ஓவியர் குளோத் மோனே சில ஆண்டுகள் குடியிருந்து அந்த ஆற்றைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். காட்சிக்குக் குறைவில்லை.

ஆனால் மொவாசோனின் உண்மையான பலம் அதன் மண். வளைவின் உட்புறம் ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட மணல். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துவிடும், சேறாகாது. சமதளமும் விசாலமும் இருந்ததால்தான் 1902இலேயே லெபோதி சகோதரர்கள் தங்கள் ஆகாயக் கப்பலுக்கு அங்கே கொட்டகை போட்டார்கள். முகாமுக்குள் ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகக் குறுகிய பாதை ரயில் ஒன்றையும் போட்டுவிட்டார்கள்.

இந்தியாவிலிருந்தும் அந்த முகாமுக்குச் சாரணர்கள் போயிருந்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி தொடங்கிய முகாம் நடந்துகொண்டிருந்தபோதே ஆகஸ்ட் 15 வந்துவிட்டது. ஒரு நாட்டின் பிள்ளைகளாகப் போனவர்கள் முகாமிலிருந்தபடியே இரண்டு நாட்டின் பிள்ளைகளானார்கள். அன்று அவர்கள் தங்கியிருந்தது பிரெஞ்சு மண். புதுச்சேரியில் நம் பெற்றோர் இருந்ததும் அன்று பிரெஞ்சு ஆட்சியில்தான். நமக்கு அந்த நாள் வர 1954 நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவற்றில் அதிகபட்சக் கஷ்டம் சேறுதான். இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல.

ஜூலை 14 என்றால் நமக்கு என்ன என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் கடற்கரைப் போர் நினைவிடத்தில் மாலை, மெடல் குத்திய முன்னாள் சிப்பாய்கள், இரண்டு நாட்டுப் பண்கள். 1987இல் அதே ஜூலை 14 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ல கிராந்பொர்னான் என்ற ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ரெப்லொஷோன் என்ற பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர் அது. சுற்றிலும் மலை, நடுவே பொர்ன் என்ற சிற்றாறு, ஆற்றோரம் சமமான புல்வெளி. அந்தப் புல்வெளியில் முகாம்தளம். தேசிய விழா நாள் என்பதால் நல்ல கூட்டம். மாலையில் மலைமேல் இடிமழை கொட்டியது. சிற்றாறு கரையை மீறி முகாமுக்குள் புகுந்து கூடாரங்களையும் வண்டி வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. 23 பேர் இறந்தார்கள்.

ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, 1996 ஆகஸ்ட் 7 அன்று, அதே மாதிரி ஸ்பெயினில். பைரனீஸ் மலையில் பியெஸ்காஸ் என்ற ஊருக்குப் பக்கத்து முகாம்தளம். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் நிறைந்திருந்தன. மாலையில் ஆராஸ் என்ற ஓடையின் மேல்பகுதியில் பெருமழை. ஓடையின் வேகத்தைக் குறைப்பதற்காகக் கட்டியிருந்த சிறு தடுப்பணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. தண்ணீரும் கல்லும் மரமும் சேர்ந்து முகாமின் மேல் இறங்கின. இறந்தவர்கள் 87 பேர்.

இந்த இரண்டு இடத்தையும் அன்று காலையில் படம் பிடித்துக் காட்டியிருந்தால் நம் தெருவே "இங்கேயே போடலாமே" என்றுதான் சொல்லியிருக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலைப்பகுதியில் எல்லாம் சரிவாகத்தான் இருக்கும். அதன் நடுவே ஓரிடம் மட்டும் பாய் விரித்தாற்போல் சமமாக, பச்சையாக இருக்கிறது என்றால் அதைச் சமமாக்கியது யார்? பெரும்பாலும் ஆறுதான். வெள்ளம் வந்தபோதெல்லாம் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போயிருக்கிறது. ஓடை மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் இந்த மண் விசிறிபோல் விரிந்து கிடக்கும். பியெஸ்காஸ் முகாம் இருந்தது அப்படிப்பட்ட விசிறியின் மேல்தான். அது ஆற்றின் வீடு. ஐம்பது வருஷம் வீட்டுக்காரர் வரவில்லை என்பதால் வீடு நம்முடையதாகிவிடாது.

மொவாசோனும் ஆறு போட்ட மண்தானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சேன் பெரிய ஆறு, சரிவு குறைவு, கோடையில் அமைதியாக இருக்கும். நீர் ஏறுவதாக இருந்தாலும் நாள் கணக்கில் முன்பே தெரிந்துவிடும். மலை ஓடை அப்படி அல்ல, அரை மணியில் வந்துவிடும். இடம் அழகாக இருக்கிறதா என்பதோடு, கெட்ட நேரம் வந்தால் சொல்லிக்கொண்டு வருமா, சொல்லாமல் வருமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பியெஸ்காஸ் விஷயத்தில் என் மனத்தை அறுக்கும் ஒரு சேதி உண்டு. அது என் தொழில் சம்பந்தப்பட்டது. அந்த இடத்தில் முகாம் வைக்க அனுமதி கொடுப்பதற்கு முன்பே, இது ஆபத்தான இடம் என்று வனத்துறைப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் எச்சரித்திருந்தார். தாள் இருந்தது. அனுமதியும் போனது. குடும்பங்கள் ஆண்டுக் கணக்கில் வழக்கு நடத்தி, 2005இல்தான் அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினார்கள். கிராந்பொர்னான் வழக்கிலும் பிரெஞ்சு நீதிமன்றம், எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்ற சமாதானத்தை ஏற்காமல், ஊராட்சியையும் அரசையும் பொறுப்பாக்கியது.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு கோப்பில் "ஆட்சேபணை" என்று ஒருவர் எழுதிய குறிப்பு எப்படிக் கீழே போகும் என்று எனக்குத் தெரியும். யாரும் அதைக் கிழித்துப் போட மாட்டார்கள். அதற்கு மேல் இன்னொரு தாள் வரும், அதற்கு மேல் இன்னொன்று. பன்னிரண்டாவது தாளில் கையெழுத்துப் போடுபவர் முதல் தாளைப் புரட்டுவதில்லை. மேல் தாளில் "சுற்றுலா வளர்ச்சி, உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு" என்று எல்லாம் நன்றாகவே இருக்கும். பியெஸ்காஸில் அந்தப் பொறியாளரின் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்ததோ, நான் பார்த்ததில்லை. ஆனால் 87 பேரை நினைக்கும்போது ஓடையோடு கூட அந்தத் தாளும் நினைவுக்கு வந்துவிடுகிறது. கோப்பில் கீழே கிடக்கும் குறிப்பைப் படிப்பவன் ஒருத்தன் இருந்தால் உயிர் பிழைக்கும். குமாஸ்தா வேலை சின்ன வேலை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

பிரான்ஸ் அதிலிருந்து பாடம் கற்றது. வெள்ள அபாயம் உள்ள பகுதியில் முகாம்தளம் நடத்துபவர், எச்சரிக்கை எப்படிக் கொடுப்பது, ஆட்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்றெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று 1994இல் விதி வந்தது. 1995இல் பார்னியே சட்டம் என்ற பெயரில், எங்கே கட்டலாம் எங்கே கூடாது என்று அபாய வரைபடம் போடும் முறை வந்தது. உயிர்கள் போன பிறகுதான் வந்தது என்பது வருத்தம். வந்ததே என்பது ஆறுதல்.

இவ்வளவும் நடந்த பிறகாவது உலகம் தேறியதா? 2023 ஆகஸ்ட் முதல் தேதி தென்கொரியாவில் சேமான்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருவிழா தொடங்கியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 43,000 பேர், பெரும்பாலும் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள். இடம், கடலுக்குள் சுமார் 34 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி மீட்டெடுத்த நிலம். மரமில்லை, நிழலில்லை. கடலடியாக இருந்த மண் என்பதால் தண்ணீர் வடியவும் இல்லை. புதிய நிலத்துக்கு உலகத்தின் கவனத்தை இழுக்க வேண்டும், சாலையும் விமான நிலையமும் வர வேண்டும் என்ற ஆசை அந்தத் தேர்வின் பின்னால் இருந்தது என்று கொரியப் பத்திரிகைகளே எழுதின. 2017இலேயே இடம் முடிவாகிவிட்டது. மரம் வைக்க ஆறு வருஷம் இருந்தது.

வெயில் 35 டிகிரி. நமக்கு அது சித்திரை மாதத்துச் சாதாரண நாள். ஆனால் திறந்தவெளிக் கூடாரத்துக்குள், ஈரப்புழுக்கத்தோடு, குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்கு? நூற்றுக்கணக்கானவர்கள் மயங்கி விழுந்தார்கள். கழிப்பறை சுத்தமில்லை, உணவு சரியில்லை, பூச்சிக்கடி வேறு. சுமார் 4,500 பேர் கொண்ட பிரிட்டிஷ் குழு நாலைந்து நாளிலேயே ஓட்டல்களுக்குக் கிளம்பியது. அமெரிக்கர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் கிளம்பினார்கள். மேலே கனுன் என்ற புயல் வருகிறது என்றதும் ஆகஸ்ட் 8 அன்று ஆயிரம் பேருந்துகளுக்கு மேல் அமர்த்தி மிச்சமிருந்த எல்லாரையும் வெளியேற்றினார்கள்.

பிரௌன்சியையும் சேமான்குமையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1907இல் ஒருவர், இந்தப் பையன்களுக்கு எந்த இடம் சரிப்படும் என்று கேட்டார். 2023இல், இந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தால் பேர் வரும் என்று கேட்டார்கள். எனக்குப் பட்ட வித்தியாசம் இதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். நமக்கும் பாடம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கூட்டமாக மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எல்லாரும் சின்ன வயசு. மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால் பச்சையாகக் கண்ணைப் பறிக்கும் அதே புல், மார்ச்சில் காய்ந்து தீக்குச்சியாகிவிடும். இடம் ஒன்றுதான், மாதம்தான் வேறு. தென்பெண்ணை ஆற்று மணலும் அப்படித்தான். நிலா வெளிச்சத்தில் கூடாரம் அடிக்க அதைவிட அழகான இடம் இல்லை. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் மேலே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் என்ன செய்தது என்று பாகூர்ப் பக்கத்து நண்பர்கள் சொல்வார்கள். இங்கே மழையே பெய்யாமல் இருக்கலாம், மேலே பெய்தால் போதும். கடற்கரைச் சவுக்குத்தோப்பு கோடையில் சொர்க்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்த காலையில் ஒரு சவுக்கு மரத்தடியில் யாராவது நின்றிருப்போமா?

ஆகவே, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு, இந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், அந்த ஊர்க் கிழவர் ஒருவரைக் கேளுங்கள். "ஐயா, இங்கே தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது? இங்கே ஆடு மாடு ஏன் கட்டுவதில்லை?" என்று கேட்டால் அவர் கையை நீட்டிக் காட்டிவிடுவார். வரைபடத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும். இரண்டாவது, நாம் போகும் மாதத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று பாருங்கள், படம் எடுத்த மாதத்தில் எப்படி இருந்தது என்பது உதவாது. மூன்றாவது, குடிக்கத் தண்ணீரும் மத்தியான நிழலும். நான்காவது, கழிப்பறை. நாகரிகம் கருதி இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் இரண்டாம் நாள் எல்லாரும் இதைத்தான் பேசுவார்கள். பெண்பிள்ளைகள் வருவதாக இருந்தால் இதையே முதலில் வையுங்கள். ஐந்தாவது, ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் எந்த வழியாக, எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நேரத்தில் போவது? பேடன் பவல் தீவில் முகாம் போட்டும் இதை மறக்கவில்லை. ஆறாவது, நிலம் யாருடையது, அனுமதி தருவது யார். வனத்துறை நிலமானால் தாளில் வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். அவர்கள் தயங்கினால் கோபப்படாதீர்கள். தயங்குகிறவர் நமக்கு நல்லது செய்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் சரி என்று பதில் கிடைத்த இடங்களுக்குள் எது அழகோ அதைப் பிடியுங்கள். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழகுக்காகத்தானே போகிறோம். சிமெண்டுத் தரைப் பள்ளிக்கூடத்தில் தங்குவதற்குப் பிள்ளைகள் ஏன் பஸ் ஏற வேண்டும்? சூரிக் சந்துகளிலிருந்து வந்த அந்த 68 பிள்ளைகளும் அப்பென்சலின் பச்சையை ஆயுள் முழுக்க மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பி, "தாத்தா, அங்கே நட்சத்திரம் எவ்வளவு தெரியுமா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

செஞ்சிக்கும் திருவக்கரைக்கும் ஊசுட்டேரிக்கும் பள்ளிப் பிள்ளைகளாகப் போய்வந்த நண்பர்கள், அந்தக் காலத்தில் உங்கள் வாத்தியார்கள் எப்படி இடம் பார்த்தார்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். படித்துவிட்டு இன்னொரு நாள் அதைப் பற்றி எழுதுகிறேன்.